பெரிய வரலாற்றுப் போர் போர்டு கேம்: இறங்கலாமா, எங்கே சிக்கும்?

அறுகோணன் கேட்டது:

ஒரு மேப், இருநூறு முந்நூறு கவுண்டர் (படைகளைக் குறிக்கும் சிறு அட்டைச் சதுரம்) கொண்ட வார்கேம்கள் எங்கள் குழுவில் நன்றாக ஓடுகின்றன. நான்கு பேர், வாரம் ஒரு மாலை, சுமார் நான்கு மணி நேரம். ஹெக்ஸ் (மேப்பின் அறுகோணக் கட்டம்), ஜோன் ஆஃப் கன்ட்ரோல் (ஒரு படை தன்னைச் சுற்றி எதிரி நகர்வைத் தடுக்கும் கட்டங்கள்), விகிதம் பார்த்து டைஸ் போடும் சண்டை அட்டவணை எல்லாம் எல்லாருக்கும் பழக்கம். அடுத்து மிகப் பெரிய, 'மான்ஸ்டர்' ரகத்தில் ஒன்று எடுக்கலாம் என்று பேச்சு. 1942 ஜெர்மன் கோடைப் படையெடுப்பைக் காட்டும் 'கேஸ் ப்ளூ' ஒரு பக்கம், உலகப் போர் மொத்தத்தையும் காட்டும் 'வேர்ல்ட் இன் ஃப்ளேம்ஸ்' இன்னொரு பக்கம்.

விலை, இடம், நேரம் மூன்றும் பெரிது என்பது தெரியும். சின்ன ஆட்டம் தராத எதை இவை தருகின்றன, வழக்கமாக எந்த இடத்தில் நின்றுபோகின்றன, இந்த இரண்டும்தான் தெரிய வேண்டும். 'அருமையான அனுபவம்' என்பதற்கு மேல் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ரயில்முனை பதில்:

பெரிய ஆட்டத்தின் பலம் தூரம்தான், கவுண்டர் எண்ணிக்கை அதற்குப் பிறகு. ஒரு மேப் ஆட்டத்தில் ரிசர்வ் படை ஒன்றிரண்டு டர்னில் எந்த முனைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் தவறான இடத்தில் வைத்ததற்குத் தண்டனை இல்லை. 'கேஸ் ப்ளூ'வில் ஒரு ஹெக்ஸ் ஐந்து மைல். வோரோனெஷிலிருந்து ஸ்டாலின்கிராட் நேர்கோட்டில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர், அதாவது அறுபது ஹெக்ஸுக்கு மேல். ஒரு பான்சர் கோரை (ஜெர்மன் டாங்கிப் படைப்பிரிவை) வடக்கே வைத்துவிட்டு, தெற்கே தேவைப்படும்போது வரவழைக்கலாம் என்று நினைத்தால், அது வந்து சேர்வதற்குள் தேவையே முடிந்திருக்கும். எந்தப் படையை எங்கே வைப்பது என்பதை மூன்று நான்கு டர்ன் முன்பே யோசிக்க வைப்பது இந்த அளவு மேப் மட்டும்தான்.

தூரம் பொருள்படுவது சப்ளையால். டீன் எஸ்ஸிக் வடிவமைத்த ஓ.சி.எஸ். (ஆபரேஷனல் காம்பாட் சீரிஸ்) தொடரில் (கேஸ் ப்ளூ அதில் ஒன்று) சப்ளை என்பது 'தொடர்பு இருக்கிறதா இல்லையா' என்ற வெறும் சோதனை இல்லை. அது மேப்பின் மேல் கவுண்டராகவே கிடக்கும். அதை ரயிலில் ஏற்றி, முனையில் இறக்கி, லாரியில் கொண்டு போக வேண்டும். ஒரு சப்ளை பாயிண்ட் நான்கு டோக்கன். தாக்கும் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் (படையின் பலத்தை அளக்கும் அலகு) ஒரு டோக்கன் செலவு. பத்து ஸ்டெப் கொண்ட ஒரு தாக்குதலுக்கு இரண்டரை பாயிண்ட் காலி. பீரங்கிக்குத் தனி, டாங்கிகள் நகர எரிபொருளுக்குத் தனி. ஒரே டர்னில் மூன்று இடத்தில் தாக்க ஆசைப்படுகிறவர் அடுத்த இரண்டு டர்ன் சும்மா நிற்பார்.

ரயிலும் சும்மா கிடைக்காது. சோவியத் தண்டவாளம் அகலம் கூடியது. ஜெர்மன் ரயில் பழுதுபார்ப்பு யூனிட்கள் டர்னுக்குக் கொஞ்சமாகத்தான் அதை மாற்றிக்கொண்டு முன்னேறும். டாங்கிகள் ஓடிய வேகத்துக்கும் தண்டவாளம் வந்து சேரும் வேகத்துக்கும் இடையில் விழும் அந்த இடைவெளியை லாரிகளால் நிரப்புவதுதான் ஆட்டத்தின் பாதி. 1942 ஜூலை 23 அன்று ஹிட்லர் 45ஆம் உத்தரவில் காகசஸையும் ஸ்டாலின்கிராடையும் ஒரே நேரத்தில் பிடிக்கச் சொன்னது ஏன் ஆபத்தாக முடிந்தது என்பதை, இரண்டு படைத் தொகுதிகளுக்கும் ஒரே லாரிக் கூட்டத்தைப் பங்கு போட்டுப் பார்க்கும்போது கையாலேயே தெரிந்துகொள்வீர்கள். எந்தச் சின்ன ஆட்டமும் இதை இப்படிக் காட்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விவரம் கூடினால் ஆழம் கூடும் என்று நினைக்க வேண்டாம். 1979இல் எஸ்.பி.ஐ. நிறுவனம் வெளியிட்ட, ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்த 'தி கேம்பெயின் ஃபார் நார்த் ஆஃப்ரிக்கா'வில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் வேண்டும். தலைமைத் தளபதி ஒருவர், சப்ளைக்கு, பின்களத்துக்கு, விமானத்துக்கு, முன்களத்துக்கு ஆளுக்கொருவர். விமானிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும், எரிபொருள் ஆவியாவதைக் கணக்கிட வேண்டும், இத்தாலியப் படைகளுக்குப் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் கொடுக்க வேண்டும். உழைப்பில் பெரும்பகுதி கணக்கு எழுதுவதிலேயே போகிறது. அந்தக் கணக்கில் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. ஓ.சி.எஸ்.ஸில் ஒவ்வொரு டோக்கனும் 'இங்கே செலவழிக்கவா, அங்கேயா' என்ற கேள்வியாக வருகிறது. எந்தப் பெரிய ஆட்டத்தையும் இந்த ஒரு சோதனையால் அளந்து பாருங்கள்.

---

கடைசிடர்ன் பதில்:

ரயில்முனை சொன்ன பலத்தை மறுக்கவில்லை. ஆனால் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று பலவீனங்கள் உண்டு. பெட்டியின் பின்பக்கத்தில் இவை எழுதியிருக்காது.

பெரிய கேம்பெயின்களின் (படையெடுப்பை முழுவதுமாக ஆடும் ஆட்டங்களின்) கடைசிப் பகுதி சரியாகச் சோதிக்கப்பட்டிருப்பது அரிது. காரணம் எளிது. சோதனை ஆட்டக்காரர்களும் மனிதர்கள்தான். இருபது முறை ஆரம்பிப்பார்கள், ஓரிரு முறைதான் முடிப்பார்கள். அதனால் முதல் பத்து டர்ன் கடைந்தெடுத்தது போல இருக்கும்; நாற்பதாவது டர்னில் மாற்றுப்படை வரும் வேகம், வெற்றிப் புள்ளி, குளிர்கால விதி ஆகியவற்றில் எது இடறும் என்று யாருக்கும் நிச்சயம் இருக்காது. வெளிவந்தபின் வரும் திருத்தப் பட்டியலைப் படியுங்கள். திருத்தங்கள் அறிமுகக் காட்சிகளை (படையெடுப்பின் ஒரு பகுதியை மட்டும் ஆடும் சிறு ஆட்டங்களை) பற்றியே இருந்து, கேம்பெயினின் பிற்பகுதி பற்றி ஒன்றும் இல்லை என்றால் அங்கே பிழை இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். அதுவரை போனவர்கள் குறைவு என்பதே பெரும்பாலும் காரணம்.

அடுத்தது முன்னறிவு, என் கணிப்பில் இதுதான் மிகப் பெரியது. 1942 நவம்பர் 19 அன்று சோவியத் எதிர்த்தாக்குதல் டான் நதிக்கரையில் ருமேனிய 3ஆம் ராணுவத்தின் மேல் விழும் என்பது மேசையைச் சுற்றி இருக்கும் நால்வருக்கும் தெரியும். தெற்கே ருமேனிய 4ஆம் ராணுவம் என்ன ஆனது என்பதும் தெரியும். அப்படியிருக்க, எந்த ஜெர்மன் ஆட்டக்காரர் 6ஆம் ராணுவத்தை நகரத்துக்குள் முடக்கிவிட்டு இரு பக்கத்தையும் ருமேனியர்களிடம் கொடுப்பார்? செப்டம்பரிலேயே டான் வளைவில் நின்று குழி தோண்டுவார். சோவியத் ஆட்டக்காரரும் ஜூலையில் ஒரு படையைக்கூடச் சுற்றிவளைக்க விடாமல் கிழக்கே பின்வாங்கிக்கொண்டே இருப்பார். இரண்டு பேரும் புத்திசாலித்தனமாக ஆடி, ஸ்டாலின்கிராட் சண்டையே இல்லாத ஒரு 1942 நடக்கும்.

சின்ன ஆட்டத்தில் இது பெரிதாக உறுத்தாது. ஒரு சண்டைக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஏழு மாதப் படையெடுப்பில் ஒவ்வொரு வாரமும் இந்த முன்னறிவு வேலை செய்யும். நல்ல வடிவமைப்பாளர்கள் இதற்கு வெற்றிப் புள்ளியால் விடை தேடுவார்கள்: நகரங்களும் எண்ணெய் வயல்களும் இழுக்கும் அளவுக்குக் கனமாக இருக்கும், பின்வாங்கினால் விலை இருக்கும். ரூல்புக்கில் முதலில் வெற்றி நிபந்தனையைப் படியுங்கள். வரலாற்றில் அந்தத் தளபதி ஏன் அந்த முட்டாள்தனத்தைச் செய்தார் என்பதற்கான அழுத்தம் அதில் இல்லையென்றால், மேப் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூன்றாம் மாதத்தில் ஆட்டம் உப்புச்சப்பற்றுப் போகும்.

மூன்றாவது, தவறுகள் சேர்வது. ஐம்பது யூனிட்டில் ஒன்றை நகர்த்த மறந்தால் உடனே தெரியும். இரண்டாயிரத்தில் தெரியாது. ஒன்பதாவது டர்னில் வர வேண்டிய டிவிஷன் பதினான்காவது டர்னில் தட்டின் அடியில் கிடைக்கும். அதற்குள் அது இல்லாமலேயே ஒரு நகரம் விழுந்திருக்கும். பின்னோக்கித் திருத்த முடியாது, தகராறு வரும். ஆரம்பிக்கும் முன்பே ஒரு விதி எழுதிக்கொள்ளுங்கள்: மறந்தது எதுவானாலும் கண்டுபிடித்த டர்னிலிருந்து உள்ளே வரும், நடந்தது நடந்ததுதான்.

நேரக் கணக்கும் இதோ. ஓ.சி.எஸ்.ஸில் வாரத்துக்கு இரண்டு டர்ன். 1942 ஜூன் 28 முதல் 6ஆம் ராணுவம் முழுவதுமாகச் சரணடைந்த 1943 பிப்ரவரி 2 வரை 31 வாரம், ஆகவே 60 டர்னுக்கு மேல். ஒரு மாலையில் ஒரு டர்ன் முடித்தாலே நல்ல வேகம். வாரம் ஒரு மாலை என்றால் ஒரு வருடம் தாண்டும். நால்வரில் ஒருவருக்கு இடமாற்றம், ஒருவருக்குக் கல்யாணம் என்று வந்தாலே ஆட்டம் நின்றது.

---

பலகைத்தட்டு பதில்:

இடம், தயாரிப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. பாதி ஆட்டங்கள் நிற்பது விதியால் இல்லை, மேசையால்.

இந்த ரக மேப்கள் பெரும்பாலும் 22 x 34 அங்குலம். கடையில் கிடைக்கும் 8 x 4 அடி பிளைவுட் ஒன்றில் நான்கு மேப்பை இரண்டுக்கு இரண்டாக வைத்தால் 44 x 68 அங்குலம் போகும். ஒரு ஓரத்தில் 28 அங்குலம் மிஞ்சும். அட்டவணை, டைஸ் தட்டு, டர்ன் பட்டை எல்லாம் அங்கே. நான்கையும் வரிசையாக வைத்தால் 88 x 34, நீளவாக்கில் 14 அங்குலப் பட்டை கிடைக்கும். மேப் மூன்று வரிசை ஆழத்துக்குப் போனால் 66 அங்குலம். நடு ஹெக்ஸை எட்ட எந்தப் பக்கத்திலிருந்தும் 33 அங்குலம் குனிய வேண்டும். சட்டைக் கை பட்டு முன்களமே இடம் மாறும். அப்படிப்பட்ட ஆட்டம் என்றால் பலகையை இரண்டாகப் பிரித்து, நடுவில் தேவைப்படும்போது இழுத்துத் திறக்கும்படி இரண்டு மேசையில் வையுங்கள்.

மேப் மேல் 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட். 8 x 4 அளவு பத்து கிலோவுக்கு மேல் எடை, இரண்டு பேர் தூக்க வேண்டும். இரண்டு துண்டாக வெட்டி வாங்குங்கள், வெட்டு மேப் விளிம்பில் விழட்டும். பாதுகாப்புத் தாளை உரித்தவுடன் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் நிலைமின்னூட்டத்தில் தூசியும் சின்ன மார்க்கர்களும் ஒட்டிக்கொள்ளும். ட்யூப்லைட் நேர் மேலே இருந்தால் பளபளப்பில் நிலக்குறி தெரியாது. விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். அக்ரிலிக் இல்லாமல் சீலிங் ஃபேன் ஓடினால் மேப்பின் மடிப்பு ஓரம் எழும், எழுந்தால் அடுக்கு சரியும். மழைக்காலத்தில் தாள் மேப் சுருள்வதையும் அதே ஷீட் அடக்கிவிடும். மேப்பைப் பலகையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். மடிப்புகளை எதிர்ப்பக்கமாக ஒரு முறை மடித்தாலே போதும்.

கவுண்டர்: அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. ஷீட்டிலிருந்து பிய்க்கும்போது மூலையில் தாள் பிசிறு நிற்கும். அடுக்கில் ஒன்றை எடுக்கும்போது அந்தப் பிசிறு அடுத்ததையும் கூட இழுத்து வரும். மூலை வெட்டும் கருவி 2 அல்லது 2.5 மி.மீ. வளைவில் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் வெட்டுவது சலிப்பான வேலைதான், ஆனாலும் ஆட்டத்தின் ஒவ்வொரு மாலையிலும் நேரம் மிச்சமாகும். முனை வளைந்த ட்வீசர் ஆளுக்கொன்று.

பிரித்து வைப்பதுதான் முக்கியம். நாடு வாரியாக மட்டும் பிரித்தால் பயன் இல்லை. ஆரம்பத்தில் மேப்பில் இருப்பவை ராணுவ வாரியாக ஒரு தட்டு, பின்னால் வருபவை டர்ன் எண் எழுதிய சின்ன ஜிப் பைகளில், மார்க்கர்கள் தனி. கடைசிடர்ன் சொன்ன 'தட்டின் அடியில் கிடைத்த டிவிஷன்' இந்தப் பைகளால் வராது. அந்த டர்ன் பையைத் திறந்து காலி செய்த பிறகுதான் அடுத்த டர்ன் என்று வையுங்கள்.

---

அறுகோணன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒரு வருடம் நிரந்தரமாக விரித்து வைக்க எங்களிடம் அறை இல்லை. கம்ப்யூட்டரில் ஆடலாம் என்றால் ஆட்டத்தின் குணம் மாறிவிடுமா? அடுத்து, நான்கு பேரை எப்படிப் பிரிப்பது? ஒருவர் நகர்த்த மூவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்களுக்குப் பயம்.

---

நான்குதிசை பதில்:

'வேர்ல்ட் இன் ஃப்ளேம்ஸ்' பற்றி யாரும் தொடவில்லை, அங்கிருந்து தொடங்குகிறேன். ஆஸ்திரேலியன் டிசைன் குரூப் 1985இல் வெளியிட்டது, பல பதிப்பு கண்டது. டர்ன் இரண்டு மாதம். 1939 செப்டம்பர்-அக்டோபரில் தொடங்கி 1945 ஜூலை-ஆகஸ்ட் வரை 36 டர்ன். ஆனால் ஒரு டர்னுக்குள் பல இம்பல்ஸ் (இரு பக்கமும் மாறி மாறி நகர்த்தும் சுற்று). ஒவ்வொரு இம்பல்ஸிலும் ஒரு வல்லரசு தரை, கடல், வான், கூட்டு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது சும்மா விட வேண்டும். தரை நடவடிக்கை எடுத்தால் கப்பல்கள் பெரும்பாலும் துறைமுகத்திலேயே கிடக்கும். இந்த ஒரே விதியில் ஒரு நாட்டின் கவனம் எவ்வளவு குறுகியது என்பது வந்துவிடுகிறது. மூலப்பொருளை ரயிலிலும் கப்பல் கான்வாயிலும் தொழிற்சாலைக்குக் கொண்டு வர வேண்டும் என்பதால் அட்லாண்டிக் சண்டைக்கும் லண்டன் உற்பத்திக்கும் நேரடித் தொடர்பு. பலம் அங்கே.

பலவீனம் காத்திருப்பு. சோவியத்தையும் அமெரிக்காவையும் ஒருவருக்கே கொடுத்தால் 1941 வரை அவருக்குச் சண்டையே இல்லை. நால்வர் என்றால் ஒருவர் ஜெர்மனியும் இத்தாலியும், ஒருவர் ஜப்பான், ஒருவர் பிரிட்டனும் சோவியத்தும், ஒருவர் பிரான்ஸ், சீனா, பிறகு அமெரிக்கா. கடைசி ஆளுக்கு ஆரம்பத்தில் பிரான்ஸைக் காப்பாற்றும் வேலையும் சீனாவில் ஜப்பானைத் தாங்கும் வேலையும் இருக்கும். இப்படிப் பிரித்தும் 1940 கோடையில் ஜப்பான் ஆட்டக்காரர் நிறைய நேரம் வேடிக்கை பார்ப்பார். எனக்கு உங்கள் குழுவுக்கு இது சரிப்படும் என்று தோன்றவில்லை.

ஓ.சி.எஸ். ஆட்டத்தில் இருவருக்கு இருவர் பிரிப்பது மிக நன்றாக வேலை செய்யும், ஒரு நிபந்தனையோடு: வடக்கு ஒருவர், தெற்கு ஒருவர், இருவரும் ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். சப்ளை, ரிசர்வ், விமானம் மூன்றையும் டர்ன் தொடக்கத்தில் ஐந்து நிமிடத்தில் பேசிப் பங்கு போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்த டர்ன் முடியும்வரை சப்ளை பேரம் கிடையாது. இந்தக் கட்டுப்பாடு நேரத்தைப் பாதியாகக் குறைக்கும். அதோடு ஜெர்மன் படைத் தொகுதிகள் A, B இரண்டின் தளபதிகளுக்கு இடையே இருந்த இழுபறி தானாக மேசைக்கு வந்துவிடும். முன்களத்தைக் கடவுள் மாதிரி மேலிருந்து பார்ப்பது எல்லா போர்டு கேமுக்கும் உள்ள குறை. ஒரே பக்கத்தில் இரண்டு மூளை இருப்பது அதை ஓரளவு சரிசெய்கிறது.

கம்ப்யூட்டர் பற்றி: 'வாசல்' (Vassal) என்ற மென்பொருள் இலவசம், ஜாவாவில் ஓடும், பெரும்பாலான ஆட்டங்களுக்கு மாட்யூல் (அந்த ஆட்டத்துக்கான கோப்பு) உண்டு. விரித்து வைக்க அறை வேண்டாம், ஒவ்வொரு நகர்வும் லாக்கில் பதிவாகும், ஒருவர் ஊர் மாறினாலும் ஆட்டம் நிற்காது. விதியை அது சரிபார்க்காது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். குணம் மாறுமா என்றால், மாறும். திரையில் முழு முன்களமும் தெரியும்படி சுருக்கினால் கவுண்டர் எண் தெரியாது, எண் தெரியப் பெருக்கினால் பத்துப் பதினைந்து ஹெக்ஸ்தான் தெரியும். மேசையில் நிமிர்ந்து நின்று பார்த்தால் வடக்கே ஒரு ஓட்டை இருப்பது கண்ணில் அடிக்கும். திரையில் அது தப்பிவிடும். ஒரு டர்னுக்கு ஒரு முறை மேப்பை முழுவதுமாகப் படமாகச் சேமித்துப் பாருங்கள்.

---

ரயில்முனை மீண்டும்:

நான்குதிசை சொன்ன பிரிப்போடு, முதலில் கேஸ் ப்ளூ வேண்டாம். அதே தொடரில் 2014இல் வந்த 'ரிலக்டன்ட் எனிமீஸ்' எடுங்கள். 1941 ஜூன் 8 முதல் ஜூலை 14 வரை சிரியா, லெபனானில் விஷி பிரெஞ்சுப் படைகளுக்கு (ஜெர்மனியிடம் தோற்றபின் அதோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசின் படைகள்) எதிரான படையெடுப்பு. 5ஆவது இந்தியப் பிரிகேட் அதில் சண்டையிட்டது. ஒரே மேப், ஐந்து வாரப் போர், பத்துச் சொச்சம் டர்ன். தொடரின் பொது விதிகள் இணையத்தில் இலவசம், எல்லா ஓ.சி.எஸ். ஆட்டத்துக்கும் அதே விதிதான் என்பதால் படித்தது வீண் போகாது. பிடித்துப்போனால் அடுத்து 'பர்மா'. இம்பால், கோஹிமா, விமானத்தில் சப்ளை போடுவது எல்லாம் அதில். யூனிட்கள் குறைவு, சப்ளைத் தலைவலி கேஸ் ப்ளூவுக்குக் குறையாதது.

கடைசிடர்ன் சொன்ன ஒரு வருடக் கணக்கு சரிதான். அதற்கு விடை, கேம்பெயினைத் தொடாமல் சிறு காட்சிகளை ஆடுவது. பெரிய பெட்டிகளில் ஒன்றிரண்டு மேப்பில், குறைந்த டர்னில் முடியும் காட்சிகள் உண்டு. சப்ளையும் தூரமும் அதிலேயே வந்துவிடும்.

புதிதாக ஓ.சி.எஸ். ஆடுகிறவர்கள் எல்லாரும் விழும் ஒரு குழி இருக்கிறது, அதை மட்டும் முதல் டர்னுக்கு முன் நால்வருக்கும் சொல்லிவிடுங்கள். எல்லாப் படையையும் காம்பாட் மோடில் (சண்டை நிலையில்) முன்னால் கொண்டு போய் நிறுத்துவார்கள். தாக்குதல் எதிரி முன்களத்தை உடைக்கும், ஓட்டை திறக்கும், அதில் நுழைய ஆள் இருக்காது. எதிராளியின் ரியாக்‌ஷன் கட்டத்தில் பதில் கொடுக்கவும் ஆள் இருக்காது. ரிசர்வ் மோடில் வைத்த படைகள்தான் இந்த இரண்டு நேரத்திலும் நகரும். டாங்கிப் படையில் மூன்றில் ஒரு பங்கை ரிசர்வில் வைத்துத் தொடங்குங்கள். டர்ன் வரிசையும் ஒவ்வொரு முறை டைஸ் போட்டுத்தான் முடிவாகும். எதிராளிக்கு அடுத்தடுத்து இரண்டு டர்ன் கிடைக்கும் நாள் வரும். அன்றைக்கு முன்களத்துக்குப் பின்னால் ரிசர்வும், சப்ளைக் குவியலின் மேல் காவலுக்கு ஒரு யூனிட்டும் இல்லையென்றால் எதிரி டாங்கி நேராக அந்தக் குவியலில் வந்து நிற்கும்.